இரணைமடு வான்கதவைத் திறந்து மூடேக்க கீழ் ஆற்றுக்கு என்ன நடக்குது? கூட்டத்தில என்ன கேக்கலாம்?

பன்னங்கண்டிக்கரை எழுதியது:

வணக்கம். கனகராயன் ஆற்றில கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழ உள்ள துண்டைப் பற்றித்தான் கேக்கிறன். பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் எண்டு சுண்டிக்குளம் கடனீரேரி வரைக்கும் போற பகுதி. மேல எடுக்கிற முடிவு கீழ நாலு விதமாத் தெரியுது.

மாரியில வான்கதவை (குளம் நிரம்பினா மிகைத் தண்ணியை வெளிய விடுற கதவை) திறந்து நாலைஞ்சு நாளில மூடின உடன கரையோரக் கிடங்குகளில மீன் சிக்கிப் போகுது. மூண்டாம் நாள் காகமும் கொக்கும் கூடும், பிறகு மணம். ஆடி ஆவணியில வயல்களின்ர கழிவு வாய்க்காலால ஆத்துக்கு வாற தண்ணி கறுத்து நாறுது. அது குளத்து அடித்தண்ணி எண்டு சிலர், வயல் தண்ணி எண்டு சிலர். மருதமரங்கள் வேர் வெளியில தெரிய நிக்குது, ஒவ்வொரு மாரிக்கும் கரை இடியுது. கடனீரேரித் தொழிலாளர் ஒரு வருசம் வெள்ளம் வந்தா இறால் நல்லம் எண்டுகினம், இன்னொரு வருசம் அதே வெள்ளம் இறாலைக் கெடுத்துப் போட்டுது எண்டுகினம்.

இதுக்கு மேல, வான் பாயேக்க எல்லாரும் சொல்ற ஒரு வசனம் இருக்கு: "தண்ணி வீணாக் கடலுக்குப் போகுது." இது சரியா? அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில ஆத்துக்காக ஏதும் கேக்கிறதெண்டா கணக்கோட கேக்க வேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

வான்கதவு எழுதியது:

தம்பி, முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளத்திலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழி. துருசு (குளக்கட்டின் அடியில் உள்ள மதகு) வழியாகப் போவது இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களுக்கு. அது வயலுக்கான தண்ணீர். வான்கதவு வழியாகப் போவதுதான் நேரே ஆற்றுக்குப் போகிறது. வான்கதவின் அடிப்படி உயரத்தில் இருக்கிறது. நீர்மட்டம் அந்தப் படிக்குக் கீழே இறங்கிவிட்டால், கதவை முழுக்கத் தூக்கினாலும் ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகாது. ஆகவே வருடத்தின் பெரும்பகுதி குளத்துக்குக் கீழே ஆற்றில் இருப்பது கசிவு நீரும், வயலின் கழிவு நீரும், கீழ்ப்பகுதி மழை நீரும்தான். "கோடையில் ஆற்றுக்குக் கொஞ்சம் திறந்து விடுங்கோ" என்று கூட்டத்தில் கேட்டால், எதைத் திறப்பது என்ற கேள்வி உடனே வரும். அதற்கு வாய்க்காலின் மேல்பகுதியில் மிகைநீர் திறப்பு இருந்து, அது கழிவு வாய்க்கால் வழியாக ஆற்றில் சேர வேண்டும். அந்த வழி துப்புரவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது, எங்கள் ஆறு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வவுனியாவின் சேமமடுப் பக்கம் தொடங்கி வரும் இந்த ஆறு அணை இல்லாத காலத்திலும் கோடையில் ஓட்டம் நின்று, மடு மடுவாகத் தங்கி நின்ற ஆறு. இரணைமடு என்ற பேரே அதைத்தான் சொல்கிறது: இரணையாய்க் கிடந்த மடுக்கள். வன்னியில் எத்தனை ஊர்ப் பெயர் மடு என்று முடிகிறது பாருங்கள். விராலும் கெளுத்தியும் உழுவையும் கோடையைக் கழிப்பது அந்த மடுக்களில். சுற்றுச்சூழல் ஓட்டம், அதாவது ஆறு உயிரோடு இருக்க விட வேண்டிய தண்ணீர், பற்றிய கைந்நூல்களில் "சராசரி ஓட்டத்தில் 10 வீதம் விடு, 30 வீதம் விட்டால் நல்லம்" என்று ஒரு விதி வரும். 1976இல் டெனன்ட் என்பவர் அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஆறுகளைப் பார்த்து எழுதியது. பனி உருகி வருடம் முழுக்க ஓடும் ஆறுகளுக்கான விதி அது. இங்கே அப்படியே பொருத்தினால் பிழைக்கும். கோடையிலும் ஆறு ஈரமாகவே கிடந்தால் சம்பும் ஆகாயத்தாமரையும் ஆற்றுக்குள் இறங்கி அதன் அகலத்தை ஒடுக்கும். மார்கழி வெள்ளம் வரும்போது அதே தண்ணீர் இன்னும் உயரத்தில் போகும்.

ஆற்றுக்கு முக்கியம் எவ்வளவு என்பதைவிட எப்போது, எவ்வளவு வேகமாய் ஏறி, எவ்வளவு வேகமாய் இறங்குகிறது என்பது. அணை இல்லாத ஆற்றில் ஐப்பசியில் முதல் மழைக்குப் புதுவெள்ளம் வரும். கலங்கிய, சற்றே குளிர்ந்த அந்தத் தண்ணீர்தான் மீனுக்குச் சைகை: மடுவை விட்டு மேலே ஏறி, புல் மூடிய ஆழமில்லாத இடங்களில் முட்டை போடும். குளம் இருக்கும் ஆற்றில் ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் முழுவதையும் குளம் பிடித்துக்கொள்கிறது. கீழ் ஆறு பேசாமல் கிடக்கும். பிறகு குளம் நிரம்பிய அன்று, மார்கழியில், முதல் வெள்ளமே பெருவெள்ளமாக வரும். முட்டை போட்ட இடம் இருந்தால் அதையும் அரித்துக்கொண்டு போகும்.

இனி மூடுவது. மீன் சாவது திறப்பதால் அல்ல, மூடும் விதத்தால். கணக்கைப் பாருங்கள். 20 அடி அகலக் கதவு ஒன்று, படிக்கு மேல் 8 அடி தண்ணீர் நிற்கிறது என்று வைப்போம். அதை 6 அங்குலம் தூக்கினால் ஏறத்தாழ 130 கியூசெக் (செக்கனுக்கு 130 கனஅடி) போகும். 2 அடி தூக்கினால் 500 கியூசெக். ஆற்றில் ஏற்கனவே பல ஆயிரம் கியூசெக் ஓடும்போது இந்த 130 கூடுவதும் குறைவதும் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கடைசிக் கதவு மட்டும் 6 அங்குலம் திறந்திருக்கும் நிலையில், 60 அடி அகல ஆற்றில் அந்த 130 கியூசெக் ஓரடிக்கு மேல் ஆழத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை ஒரே தடவையில் அடைத்தால் ஓரடி ஆழம் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இறங்கிவிடும். பெரிய மீன் தப்பும். விரல் அளவு குஞ்சு கரையோரப் புல்லுக்குள் நிற்கும், தப்பாது.

வெளிநாட்டு மின் அணைகளில் சால்மன் குஞ்சுகளுக்காக மணிக்கு 1 முதல் 2 அங்குலத்துக்கு மேல் மட்டம் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. எங்கள் மீன் வேறு. ஆனாலும் தொடங்குவதற்கு மணிக்கு 2 அங்குலம் நல்ல எல்லை. கேட்க வேண்டியது இதுதான்: ஓட்டம் 600 கியூசெக்குக்கு இறங்கிய பிறகு, அதைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஒரு முழு நாள் எடுங்கள். பெரிய கதவுகளை 6 அங்குலப் படிகளாகவும், கடைசிக் கதவை 2 அங்குலப் படிகளாகவும் இறக்குங்கள். கடைசிப் படிகள் பகல் வெளிச்சத்தில் நடக்கட்டும். மீன் எங்கே சிக்குகிறது என்று கரையில் நிற்பவர்கள் பார்க்கலாம்.

---

வட்டக்கச்சி வயல் எழுதியது:

அண்ணை சொன்னது விளங்குது. ஆனா கணக்கை நானும் போட்டுப் பாக்கிறன். ஒரு கியூசெக் ஒரு நாள் ஓடினா ஏறத்தாழ 2 ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் அடி எண்டா ஒரு ஏக்கரில ஓரடி ஆழத்துக்கு நிக்கிற தண்ணி). 600ல இருந்து சுழியத்துக்கு ஒரு நாளில இறக்கிறதெண்டா சராசரி 300 கியூசெக், அதாவது 600 ஏக்கர் அடி. சிறுபோக (கோடைப் போக) நெல்லுக்கு ஒரு ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி போகும் எண்டு பிடிச்சா, அது 120 ஏக்கர் சிறுபோகம். சிறுபோகத்துக்கு ஒவ்வொரு கமக்காரனுக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கேக்க கால் ஏக்கருக்கு நிண்டு வாதாடுற இடம் இது. மீனுக்காக 120 ஏக்கரை விடுங்கோ எண்டு கூட்டத்தில சொன்னா அந்தக் கேள்வி அந்த இடத்திலயே முடிஞ்சு போகும்.

திறக்கிறதிலயும் ஒண்டு சொல்ல வேணும். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சனத்துக்கு வான்கதவு எண்டாலே பயம். பெருமழை வரேக்க ஆத்து மீனைப் பாத்து மெதுவாத் திறக்கேலாது. குளக்கட்டும் சனமும் முதல்.

மீன்பிடிச் சங்கக்காரருக்கு ஒரு விசயம்: குஞ்சு விடுறதை வான் நிண்ட பிறகு, தை மாசி அளவில விடுங்கோ. கார்த்திகையில விட்டா பாதிக் குஞ்சு வானோட கீழ போயிடும். போற திலாப்பியா ஆத்து மடுவிலயும் கடனீரேரியிலயும் நிண்டு பெருகி, ஊர் மீனின்ர இடத்தைப் பிடிக்கும்.

---

வான்கதவு எழுதியது:

நல்ல கேள்வி, நல்ல கணக்கு. நான் சொன்ன 600ஐத் திருத்திக்கொள்கிறேன், ஏனென்றால் முழுவதையும் மெதுவாக்கத் தேவையில்லை.

குளக்கட்டைக் கடைசியாகத் திருத்தியபோது முழுக்கொள்ளளவு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்தது. கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியிலிருந்து 119,500 ஆனது. இரண்டு அடிக்கு 13,000 ஏக்கர் அடி. அப்படியென்றால் குளம் நிரம்பி நிற்கும்போது மேல் ஓர் அங்குலம் ஏறத்தாழ 540 ஏக்கர் அடி. 600இலிருந்து 130 வரைக்கும் வழக்கம் போலவே இறக்குங்கள். கடைசி 130 கியூசெக்கை மட்டும் 24 மணித்தியாலத்துக்கு இழுத்தால் சராசரி 65 கியூசெக், 130 ஏக்கர் அடி. குளத்து மட்டத்தில் கால் அங்குலம். ஆவணி மாத வெயிலிலும் சோளகக் காற்றிலும் நாளொன்றுக்கு ஆவியாகிப் போவதே 6 மில்லிமீற்றர் அளவு, அதுவும் கால் அங்குலம்தான். ஆற்றுக்காகக் கேட்பது ஒரு நாள் ஆவியாதலின் அளவு தண்ணீர். இந்த ஒப்பீட்டோடு கேட்டால் கூட்டத்தில் காது கொடுப்பார்கள். அந்தக் கால் அங்குலத்தையும் மிச்சம் பிடிக்கலாம்: மேலிருந்து வரத்துக் குறையத் தொடங்கும் நேரத்திலேயே கதவை இறக்கத் தொடங்கினால், இறக்கி முடியும்போது குளம் 36 அடியிலேயே நிற்கும். இதற்கு மேற்பகுதி மழையும் ஆற்று மட்டமும் மணிக்கொரு தடவை கதவடிக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கடைசி 130ஐ மட்டும் பார்த்தால் ஒரு ஓட்டை இருக்கிறது. வெள்ளம் கரை தாண்டி நின்ற இடங்களில் உள்ள கிடங்குகள் அதற்கு முன்பே ஆற்றோடு தொடர்பு அறுந்துவிடும். அந்த இடங்களுக்குத் தண்ணீர் வைத்துத் தீர்வு காண முடியாது, மண்வெட்டிதான் தீர்வு. கோடையிலேயே ஒவ்வொரு கிடங்கிலிருந்தும் ஆற்றுக்கு ஒரு கான் வெட்டி வையுங்கள். அகலம் இரண்டு அடி போதும், கானின் தரை கிடங்கின் அடியிலிருந்து ஆற்றுப் பக்கம் சரிவாக இருக்கட்டும். மட்டம் இறங்கும்போது குஞ்சு தண்ணீரோடேயே ஆற்றுக்குப் போகும். ஆழம் கூடிய கிடங்காக இருந்து கான் வெட்ட முடியாவிட்டால், மூடிய மறுநாளே வலை போட்டு எடுத்து ஆற்று மடுவில் விட வேண்டும். மூன்றாம் நாள் வரை வைத்திருந்தால் பயனில்லை. சிக்கிய மீன் கூட்டத்துக்கு விடிய முன்னமே ஒட்சிசன் தீர்ந்துவிடும்.

இந்தக் கிடங்குகளில் பெரும்பாலானவை மணல் எடுத்த கிடங்குகள் என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கை மடுவுக்கு மேலே மருத நிழல் இருக்கும், நிலத்தடி நீர் ஊறும், வாய் ஆற்றோடு திறந்திருக்கும். மணல் கிடங்குக்கு நிழல் இல்லை, வாயும் இல்லை. பார்வைக்கு இரண்டும் மடுதான். மீனுக்கு ஒன்று அடைக்கலம், மற்றது பொறி.

திறப்பது பற்றி: சனத்தின் உயிர் முதல் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் இந்த இடத்தில் ஆற்றின் நன்மையும் சனத்தின் நன்மையும் ஒன்றாகவே இருக்கின்றன. பெருமழை எதிர்வுகூறல் வந்த உடனே, குளம் முழுக்க நிரம்ப முன்னமே, படிக்கு மேலே உள்ள தண்ணீரில் ஒரு பங்கை மட்டான ஓட்டமாக விட்டால் உச்ச வெள்ளம் குறையும், நாட்கள் கூடும். ஆறு கேட்பதும் அந்த வடிவத்தைத்தான்.

---

கடனீரேரி எழுதியது:

சுண்டிக்குளம் பக்கத்துப் பதில். "வீணாக் கடலுக்குப் போகுது" எண்ட வசனத்தில ரெண்டு பிழை. முதலில அது கடலுக்குப் போகேல்லை, கடனீரேரிக்குப் போகுது. ரெண்டாவது, அந்தத் தண்ணி இல்லாட்டி கடனீரேரி உப்பளமாப் போகும். கோடையில இங்க தண்ணி வத்தி, உவர் கடலையும் தாண்டும். கடல் ஆயிரத்துக்கு 35 பங்கு எண்டா, ஆவணி புரட்டாதியில கரையோரத்துத் தேக்கத்தில அதைவிடக் கூடத்தான் இருக்கும். பல இடம் வெள்ளை வெளேரெண்டு உப்புப் பூத்துக் கிடக்கும். மாரித் தண்ணிதான் அந்த உவரை இறக்கி, மணல் திட்டு அடைச்ச முகத்துவாரத்தை உடைச்சு, சேறும் சத்தும் கொண்டு வருது. முகத்துவாரம் உடைஞ்சாத்தான் கடலில பொரிச்ச இறால் குஞ்சு உள்ள வரும்.

ஒரு வருசம் நல்லம், ஒரு வருசம் கூடாது எண்டு தொழிலாளர் சொல்றது ரெண்டும் உண்மை. வித்தியாசம் எந்த வெள்ளம் எண்டதில இருக்கு. வெள்ளை இறால் குஞ்சு 10 முதல் 30 வரைக்கும் உள்ள உவரில நல்லா வளரும். முதல் வெள்ளம் முகத்துவாரத்தைத் திறந்து, பிறகு ஓட்டம் படிப்படியாக் குறைஞ்சா, கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலந்து உவர் மெல்ல மெல்ல ஏறும். குஞ்சு உள்ள நிண்டு வளரும். அதுக்குப் பதிலா, குஞ்சு வந்து ரெண்டு மூண்டு கிழமையில திரும்பவும் கதவு எல்லாம் ஒண்டாத் திறபட்டா உவர் 5க்குக் கீழ விழும், இறால் கூட்டமாக் கடலுக்கு இறங்கத் தொடங்கும். அந்தக் கிழமை முகத்துவாரத்தில வலை நிறைய இறால் படும். படுறதெல்லாம் சின்னன். சந்தோசமாப் பிடிச்சுப் போட்டு, மாசியில வெறுங்கையோட நிக்க வேண்டி வரும்.

நகரேலாத உயிர்களுக்கு இதைவிடக் கரைச்சல். மட்டி சிப்பியும் சாதாளையும் ஒரே நாளில 30ல இருந்து 3க்கு விழுற உவரைத் தாங்காது. அதே இறக்கம் பத்து நாளில வந்தா ஒரு பகுதியெண்டாலும் தப்பும்.

பறவைக்கு ஆழம்தான் கணக்கு. வாடைக்காலத்தில வாற உள்ளான் மாதிரிக் கரைப்பறவைகள் கணுக்கால் அளவு தண்ணியிலும் ஈரச் சேத்திலும் இரை தேடுறவை. தை மாசத்தில திடீரெண்டு ஓரடி ஏறினா அந்தச் சேத்துத் தரை முழுக்கத் தண்ணிக்குக் கீழ போகும். சுண்டிக்குளம் 1938ல பறவைகள் சரணாலயமாக அறிவிச்ச இடம், 2015ல தேசியப் பூங்காவாக்கினது. அதால கூட்டத்துக்கு வனசீவராசிகள் திணைக்களத்தையும் கூப்பிடச் சொல்லிக் கேக்கலாம். கேக்கிறதுக்கு நியாயம் இருக்கு.

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில முன்வைச்ச "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" திட்டத்தையும் இங்க நினைக்க வேணும். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால வடமராட்சிப் பக்கம் கொண்டு போற யோசனை. குடாநாட்டுக் கிணறுகளுக்கு அது எவ்வளவு பெறுமதி எண்டது விளங்குது. ஆனா அதோட ஒரு இறால் வளர்ப்பிடம் இல்லாமல் போகுது எண்ட கணக்கும் அதே தாளில எழுதப்பட வேணும்.

---

பன்னங்கண்டிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கறுத்த தண்ணியும் கரை இடியுறதும் இன்னும் பாக்கி. அதோட, எங்களிட்டை மானி ஒண்டும் இல்லை. கூட்டத்துக்கு முன்னம் என்னத்தை, எப்பிடி அளந்து கொண்டு போகலாம்?

---

வான்கதவு எழுதியது:

கறுத்த தண்ணீர். துருசு குளத்தின் அடியிலிருந்து எடுப்பதால், கோடையில் காற்றில்லாத நாட்களில் அடித்தண்ணீர் ஒட்சிசன் குறைந்து அழுகிய முட்டை மணத்தோடு வரலாம். ஆனால் அந்த மணம் துருசு வாயிலும் அடுத்த சில நூறு அடியிலும்தான் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் விழும் கட்டு ஒவ்வொன்றும் காற்றைக் கலக்கும். இரண்டு மூன்று விழுகை தாண்டினால் அது தெளிந்துவிடும். ஆகவே பல மைலுக்கு அப்பால் ஆற்றில் நாறுவது குளத்து அடித்தண்ணீர் இல்லை. முறைத்தண்ணீர் (முறை வைத்து வயலுக்கு விடும் தண்ணீர்) நிறுத்தும் நாட்களில் கழிவு வாய்க்கால் ஓடாமல் தேங்கும். உள்ளே சம்பும் சல்வீனியாவும் அழுகும், வயலிலிருந்து இறங்கிய பசளை பாசியை வளர்க்கும், அடிச்சேறு கறுக்கும். அடுத்த முறை திறந்த முதல் நாள் அந்தத் தேக்கம் முழுவதும் ஒரே தள்ளாக ஆற்று மடுவுக்குள் போகிறது. மடுவில் நின்ற மீன் ஒரே இரவில் மிதப்பது இதனால்தான்.

இதற்கு அணையில் கேட்க ஒன்றுமில்லை. கமக்காரர் அமைப்பே செய்யலாம். சிறுபோகத்துக்கு முன்னம் கழிவு வாய்க்காலைத் துப்புரவாக்கி, வெட்டிய களையைத் தண்ணீருக்குள் விடாமல் கரைக்கு ஏற்றிப் போடுங்கள். யூரியா எறிந்தால், களைநாசினி அடித்தால், குறைந்தது 5 நாளைக்கு வரம்பு வாயைத் திறக்காதீர்கள். இது பசளைக் காசும் மிச்சம். முறை தொடங்கும் முதல் நாள் வாய்க்காலைக் கால்வாசி மட்டும் திறந்தால் தேங்கிய தண்ணீர் கலந்து கலந்து போகும்.

கரை இடிவது. குளம் மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொண்டு வெறுந்தண்ணீரை விடுகிறது. சுமை இல்லாத தண்ணீர் ஆற்றின் அடியிலும் கரையிலும் இருந்து தன் சுமையை எடுக்கும். அதோடு மட்டம் திடீரென இறங்கினால், நனைந்து ஊறிய கரை தண்ணீரின் தாங்கல் இல்லாமல் பாளம் பாளமாய் விழும். மெதுவாக மூடுவது இதற்கும் உதவும். கீழே டிப்பர் மணல் எடுத்தால் ஆற்றின் அடி இன்னும் இறங்கும், மருத வேர் வெளியே வரும், முகத்துவாரப் பக்கம் உப்புத் தண்ணீர் கோடையில் ஆற்றுக்குள் ஏறிக் கிணறுகளைக் கெடுக்கும். "பெருவெள்ளம் விட்டால் மணல் திரும்ப வரும்" என்று யாராவது சொன்னால் கொலராடோ ஆற்றைச் சொல்லுங்கள். கிளென் கன்யன் அணையிலிருந்து 1996இல் ஒரு கிழமைக்குச் செக்கனுக்கு 45,000 கனஅடி விட்டுப் பார்த்தார்கள். மணல் திட்டுகள் எழுந்தன, நிலைக்கவில்லை. கிளையாறுகள் புதிதாய் மணல் கொண்டுவந்து போட்ட பிறகு விட்டால்தான் பலன் என்று கண்டு, 2004, 2008 வெள்ளங்களை அப்படி நேரம் பார்த்து விட்டார்கள். மணல் இல்லாத ஆற்றில் வெள்ளம் அரிக்க மட்டும்தான் செய்யும். ஆகவே கரைக்கு மருந்து மணல் அகழ்வை நிறுத்துவதும், நிற்கிற மருதைக் காப்பதும்.

இனி அளப்பது. முதலில் மட்டக்கோல். பாலத்துத் தூண் ஒன்றில், ஓட்டம் நேரே மோதாத பக்கத்தில், வெள்ளை அடித்து 2 அங்குலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, அடிக்கு ஒரு இலக்கம். சுழியத்தைக் கோடைத் தண்ணீருக்கும் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு கழித்தல் இலக்கம் வந்து குழப்பும். கதவு மூடும் நாளில் அரை மணிக்கு ஒரு வாசிப்பு, நேரத்தோடு. கைபேசியில் கோட்டைப் படம் எடுத்தால் நேரமும் கூடவே பதிவாகும். மூன்று இடத்தில் வைத்தால் நல்லம்: குளத்துக்குக் கிட்ட, நடுவில், கண்டாவளைப் பக்கம். இறக்கம் கீழே போகப் போக மெதுவாகும், எவ்வளவு மெதுவாகிறது என்பதும் கணக்குக்கு வேண்டும்.

ஒட்சிசன் மானி இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்திடமோ நெக்டா (நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை) அலுவலரிடமோ இரவல் கேளுங்கள். வாசிக்கும் நேரம் காலை 5.30 முதல் 6.30க்குள். பகலில் பாசி ஒட்சிசன் விடுவதால் மத்தியான வாசிப்பு ஏமாற்றும். 30 பாகை செல்சியஸ் தண்ணீரில் நிறைவு ஏறத்தாழ 7.5 மி.கி/லீ. 4க்குக் கீழே மீன் சோரும், 2க்குக் கீழே சாகும். மானியே கிடைக்காவிட்டால் கண்ணை நம்பலாம்: விடியற்காலை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒட்சிசன் தீர்ந்துவிட்டது. விரால் காற்றுக்கு எப்போதும் மேலே வரும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், கெண்டையைப் பாருங்கள்.

---

கடனீரேரி எழுதியது:

உவருக்கு ஒளிமுறிவு உவர்மானி போதும், இறால் பண்ணைக்காரரிட்டை இருக்கும். முதலில காய்ச்சி வடிச்ச தண்ணி ரெண்டு துளி விட்டுச் சுழியம் சரி பாருங்கோ. மேல் தண்ணியை மட்டும் அளக்க வேண்டாம். நன்னீர் பாரம் குறைஞ்சது, மேல மிதக்கும், இறால் குஞ்சு அடியில நிக்கும். போத்தலுக்கு அடியில ஈயம் கட்டி, தக்கைக்கு ஒரு நூல் கட்டி இறக்கி, அடியில வைச்சு நூலை இழுத்தா அடித்தண்ணி நிறையும். மேல 4, அடியில 18 எண்டு வந்தா இறாலுக்குப் பயமில்லை. ரெண்டும் 4 எண்டா அண்டைக்கே கதவடிக்குச் சொல்ல வேணும்.

---

வட்டக்கச்சி வயல் எழுதியது:

கால் அங்குலம் எண்டா எங்கட அமைப்பில கதைக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் எழுத்தில இருக்க வேணும்: குளம் வான் பாயாத வருசத்தில ஆத்துக்கு எண்டு தனியாத் திறப்பு இல்லை. வான் பாஞ்ச வருசத்தில கடைசிக் கதவை ஒரு நாள் எடுத்து இறக்கிறது. கழிவு வாய்க்கால் துப்புரவுக்குச் சித்திரைக்கு முன்னம் ஒரு சிரமதான நாள் வையுங்கோ, எங்கட பக்கத்தால ஆள் வரும்.

---

வான்கதவு எழுதியது:

நியாயமான நிபந்தனை. அதோடு இன்னொரு வரி சேருங்கள்: ஐப்பசிப் புதுவெள்ளத்தைப் போல மீனுக்குச் சைகையாக ஒரு சிறு திறப்பு. வாய்க்கால் மிகைநீர் திறப்பால் 100 கியூசெக் மூன்று நாள் என்றால் 600 ஏக்கர் அடி, ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வான் பாயும் வருடத்தில் அது எப்படியும் பின்னால் போகப்போகும் தண்ணீர், ஆகவே இழப்பு இல்லை. பாயாத வருடத்தில்தான் இழப்பு. அதனால் திகதியை நிர்ணயிக்காமல் மட்டத்தை நிர்ணயியுங்கள்: கார்த்திகை நடுவுக்குள் குளம் இத்தனை அடியைத் தாண்டினால் மட்டும் விடுவது என்று. எத்தனை அடி என்பதைப் பழைய வருடங்களின் மட்டப் பதிவை வைத்துக் கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம். கார்த்திகை நடுவில் எந்த மட்டத்தைத் தாண்டிய வருடங்களில் தவறாமல் வான் பாய்ந்தது என்று பாருங்கள், அந்த மட்டம்தான் உங்கள் இலக்கம். பதிவேடு திணைக்கள அலுவலகத்தில் இருக்கும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.